சாமியார், பங்குத்தந்தை, இமாம் சொன்னால் கிராமத்தில் பீடி நிற்குமா? தரவுகள் சொல்லும் பதில்

ஊரில் இருக்கும் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ "பீடியை விட்டுடுங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? டாக்டர் சொல்லியாச்சு, பேத்தி சொல்லியாச்சு. பாக்கெட் மேல் புற்றுநோய்ப் படம் போட்டு அரசாங்கமும் சொல்லியாச்சு. அசைய மாட்டார். ஆனால் அதே மனிதர் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுவிட்டால், 41 நாள் பீடிக்கட்டு பக்கமே திரும்ப மாட்டார். ரமலானில் நோன்பு வைக்கும் பாய், விடியலிலிருந்து சூரியன் மறையும் வரை ஒரு இழுப்பு இழுப்பதில்லை. தவக்காலத்தில் சிகரெட்டை ஒதுக்கிவைக்கும் கிறிஸ்தவர்களையும் நீங்கள் பார்த்திருக்கலாம்.

மருத்துவமும் சட்டமும் செய்ய முடியாததை மதத்தால் செய்ய முடியுமா? முடியும் என்றால், கிராமங்களில் புகையிலையை ஒழிக்கும் வேலையை மதத் தலைவர்களிடம் கொடுத்துவிடலாமா? உலக சுகாதார நிறுவனம் இந்தக் கேள்வியோடு 1999 மே மாதத்திலேயே பல மதங்களின் பிரதிநிதிகளை ஜெனீவாவுக்கு அழைத்துப் பேசியது. இந்தியாவிலும் வெளியிலும் கிடைக்கும் தரவுகளை வைத்துப் பார்த்தால், பதில் "ஆமாம்" என்றும் இல்லை, "இல்லை" என்றும் இல்லை. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு: கிராமத்தில் எவ்வளவு பேர்?

இந்தியாவில் புகையிலைப் பழக்கம் பற்றி விரிவான தகவல் தருவது 'காட்ஸ்' எனப்படும் உலகளாவிய வயது வந்தோர் புகையிலை சர்வே. அதன் இரண்டாவது சுற்று 2016-17இல் நடந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி அது சொல்வது இதுதான்:

- ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துபவர்கள்: 28.6%. அதாவது சுமார் 26.7 கோடி பேர்.
- கிராமத்தில் 32.5%, நகரத்தில் 21.2%.
- புகைப்பவர்கள்: கிராமத்தில் 11.9%, நகரத்தில் 8.3%.
- மெல்லுவது, அடக்கிவைப்பது போன்ற புகையில்லாப் புகையிலை: கிராமத்தில் 24.6%, நகரத்தில் 15.2%.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். கிராமத்தில் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்கள் இரண்டு மடங்குக்கும் அதிகம். "புகை பிடிக்காதீர்கள்" என்று மட்டும் ஒருவர் பிரசங்கம் செய்தால், கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது தங்களைப் பற்றியதே இல்லை.

இன்னொரு எண்ணும் முக்கியம். புகைப்பவர்களில் 55.4% பேர் விட்டுவிட வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள் அல்லது யோசிக்கிறார்கள். ஆக, பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே மனசு இருக்கிறது, வழிதான் இல்லை. உதவி எதுவும் இல்லாமல் தானாக நிறுத்த முயல்பவர்களில் சுமார் 4% பேர்தான் ஜெயிக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனசுக்கும் வெற்றிக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய பள்ளத்தை மதத்தால் கொஞ்சமாவது நிரப்ப முடியுமா என்பதுதான் கேள்வி.

பஞ்சாப் vs ஹரியானா: பக்கத்துப் பக்கத்து வயல், வேறு வேறு கணக்கு

மதத்துக்குப் புகையிலை மேல் செல்வாக்கு உண்டு என்பதற்கு இந்தியாவில் கிடைக்கும் வலுவான தடயம் பஞ்சாப். கால்சாவில் சேர்ந்த சீக்கியர்களுக்கு நான்கு பெரிய தடைகள் உண்டு. அதில் ஒன்று புகையிலை. சீக்கியர்களின் நடத்தை விதிமுறையான ரஹித் மர்யாதாவிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. புகை என்று பிரிக்காமல், புகையிலை எந்த வடிவிலும் கூடாது என்பது விதி.

1966 வரை பஞ்சாபும் ஹரியானாவும் ஒரே மாநிலம். இரண்டுமே கோதுமையும் நெல்லும் விளையும் விவசாய பூமி. இப்போது எண்களைப் பாருங்கள். காட்ஸ் 2016-17இன்படி புகைப்பவர்கள் பஞ்சாபில் 7.3%, ஹரியானாவில் 19.7%. தேசிய குடும்பநல சர்வே 2019-21 வேறு முறையில் எடுக்கப்பட்டது. அதிலும் இதே இடைவெளி தெரிகிறது. புகையிலை பயன்படுத்தும் ஆண்கள் பஞ்சாபில் 12.9%, ஹரியானாவில் 29.1%.

இதை எப்படிப் புரிஞ்சுக்கிறது? ஹரியானா கிராமத்தில் மாலை நேரத்தில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ஹூக்கா பிடிப்பது சும்மா பொழுதுபோக்கு இல்லை. அந்த வட்டத்தில் இடம் இருந்தால்தான் நீங்கள் அந்த ஊர்க்காரர். வட இந்தியாவில் ஒருவரை ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பதற்குப் பெயரே 'ஹூக்கா-பானி பந்த்'. இனி இவனோடு ஹூக்காவும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று அர்த்தம். அங்கே புகைப்பது ஊரோடு சேர்ந்திருப்பதன் அடையாளம். சில கிலோமீட்டர் தள்ளி, பஞ்சாப் சீக்கியர் வீட்டில் புகைக்காமல் இருப்பதுதான் அந்த அடையாளம்.

இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே விசைதான்: "நம்ம ஆளுங்க இப்படித்தான்". மதம் அந்த விசையின் திசையை மாற்றியிருக்கிறது. ஒரு பாதிரியாரோ கிரந்தியோ மேடையில் நின்று பேசும் பேச்சைவிட, பல தலைமுறையாக ஊறிப்போன இந்த வழக்கத்துக்குத்தான் சக்தி அதிகம்.

கொஞ்சம் பொறுங்க, இதில் மூன்று 'ஆனால்' இருக்கு

ஒன்று, இது ஒப்பீடுதான், நிரூபணம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பஞ்சாபில் சீக்கியர்கள் சுமார் 58%. மீதிப் பேரும், வெளி மாநிலத் தொழிலாளர்களும் அதே கணக்கில்தான் வருகிறார்கள். வருமானம், கல்வி போன்ற மற்ற காரணங்களையும் இந்த எண்கள் தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை.

இரண்டு, மதத் தடை இல்லாமலும் ஜெயிக்கலாம். மொத்தப் புகையிலைப் பயன்பாடு பஞ்சாபில் 13.4% என்றால், கேரளாவில் 12.7%, கோவாவில் 9.7%. அங்கே பஞ்சாப் மாதிரியான மத விதி எதுவும் பெரும்பான்மை மக்களுக்குக் கிடையாது. தமிழ்நாடு 20 சதவீதத்தில் நிற்கிறது.

மூன்று, புகையிலைக்குப் போட்ட வேலி மற்ற போதைக்கு வேலி ஆகவில்லை. பஞ்சாபின் ஹெராயின் பிரச்சினை நாடறிந்தது. மத ஒழுக்கம் எதைக் குறிவைக்கிறதோ, அதில்தான் அது வேலை செய்கிறது.

மிசோரம்: சர்ச் வலுவாக இருந்தும் ஏன் இப்படி?

மூன்றாவது 'ஆனால்' இன்னும் தெளிவாகத் தெரிவது மிசோரத்தில். மக்கள்தொகையில் சுமார் 87% கிறிஸ்தவர்கள். சர்ச்சுக்கு அங்கே இருக்கும் செல்வாக்கு நாட்டில் வேறு எங்கும் பார்க்க முடியாத அளவு. 'ஸூ' எனப்படும் அரிசி மதுவைக் குடிக்கக் கூடாது என்பதில் சர்ச் ஆரம்பத்திலிருந்தே கறாராக இருந்தது. மாநிலத்தில் மதுவிலக்கு வந்ததிலும் சர்ச்சின் கை பெரியது.

ஆனால் புகையிலை? காட்ஸ் 2016-17இல் 58.7% பேர். திரிபுராவுக்கு அடுத்த இடம். குடும்பநல சர்வே 2019-21இல் ஆண்களில் 72.9%, பெண்களில் 61.6%. புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி, அந்தத் தண்ணீரை வாயில் அடக்கிக்கொள்ளும் 'துய்புர்' என்ற பழக்கம்கூட அங்கே உண்டு.

ஒரே சர்ச், ஒரே மக்கள். மதுவுக்கு ஒரு நியாயம், புகையிலைக்கு ஒரு நியாயம். மது பாவம் என்று ஊறிப்போன அளவுக்குப் புகையிலை ஊறவில்லை. மதத் தலைவர் ஒருவருக்குச் செல்வாக்கு இருப்பது ஒரு விஷயம். அதை அவர் எதற்குச் செலவழிக்கிறார் என்பது இன்னொரு விஷயம். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: 2009-10இல் நடந்த முதல் காட்ஸ் சர்வேயில் மிசோரத்தின் எண் 67.2%. ஏழு வருடத்தில் எட்டுப் புள்ளிக்கு மேல் குறைந்திருக்கிறது. மாற்றம் நடக்காத இடம் இல்லை அது.

ஃபத்வா போட்டால் போதுமா? இந்தோனேசியா சொல்லும் பாடம்

"மதத் தலைமை தெளிவாகத் தடை போட்டால் நின்றுவிடும்" என்று நினைப்பவர்கள் இந்தோனேசியாவைப் பார்க்கலாம். 2009இல் அந்நாட்டின் உலமா சபை, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் புகைப்பதும், பொது இடத்தில் புகைப்பதும் ஹராம் என்றது. 2010இல் முகமதியா என்ற பெரிய முஸ்லிம் அமைப்பு ஒரு படி மேலே போய், புகைப்பதே ஹராம் என்று அறிவித்தது. ஆனால் அதைவிடப் பெரிய அமைப்பான நஹ்தத்துல் உலமா, புகைப்பது 'மக்ரூ', அதாவது விரும்பத்தகாதது, ஆனால் தடை இல்லை என்ற நிலையிலேயே நின்றது.

விளைவு? 2011இல் புகையிலை பயன்படுத்தியவர்கள் 36.1%. 2021இல் 34.5%. மக்கள்தொகை கூடியதால் எண்ணிக்கையில் பார்த்தால் பழக்கம் உள்ளவர்கள் அதிகமாகவே ஆனார்கள். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக ஒப்பந்தத்தில் இந்தோனேசியா இன்னும் சேரவில்லை. கிராம்பு சிகரெட் தொழில் அங்கே பெரிய பொருளாதாரம். சட்டமும் விலையும் ஒரு பக்கம் இழுக்கும்போது, ஃபத்வா மட்டும் தனியாக மறுபக்கம் இழுத்தால் வண்டி நகராது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மாநில அளவு எண்களை விட்டுவிட்டு, நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளுக்கு வருவோம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1990களில் கிராமப்புறக் கறுப்பின மக்களிடையே ஒரு சோதனை நடந்தது. ஒரு கவுண்டியில் சர்ச் உறுப்பினர்களுக்கே ஆலோசகர் பயிற்சி கொடுத்து, புகைப்பவர்களோடு ஒருவருக்கு ஒருவர் பேச வைத்தார்கள். இன்னொரு கவுண்டியில் எதுவும் செய்யவில்லை. சர்ச் உதவி கிடைத்த இடத்தில் விட்டவர்கள் கொஞ்சம் அதிகம். ஆனால் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. தெளிவாக மாறியது வேறொன்று: "விடணும்" என்ற தயார்நிலை. யோசிக்காமல் இருந்தவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் 45 மசூதிகளை வைத்து நடந்த ஆய்வு இன்னும் கறாரானது. வீட்டுக்குள் புகைக்காதீர்கள், குடும்பத்தைப் பாதிக்கிறது என்று இமாம்கள் வாரக்கணக்கில் மத போதனையோடு சேர்த்துப் பேசினார்கள். ஒரு வருடம் கழித்து அந்த வீடுகளின் காற்றில் நுண்துகள் அளவை அளந்தால், குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இது நகரத்தில் நடந்தது, பீடியை விடவைப்பது அதன் நேரடி இலக்கும் இல்லை. ஆனாலும் "சொன்னால் போதும்" என்ற நம்பிக்கைக்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். மதத் தலைவரால் கதவைத் திறக்க முடிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யாராவது காத்திருக்க வேண்டும்.

அப்போ, மாலை போட்டால் மட்டும் எப்படி முடியுது?

நிக்கோட்டினை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் படிப்படியாகத் தணியும். 41 நாள் விரதம் என்பது கிட்டத்தட்ட ஆறு வாரம். உடம்பின் மிக மோசமான கட்டத்தை அந்த சாமி தாண்டிவிட்டார். அது அவருக்கே தெரியாது என்பதுதான் சோகம்.

விரதம் அவருக்கு மூன்று வசதிகளைத் தருகிறது. முதலாவது, கூட்டம். ஒரே குருசாமியிடம் மாலை போட்ட பத்துப் பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்கள். இரண்டாவது, தினசரி ஒழுங்கு: காலையில் குளியல், சரணம், சாயங்காலம் பஜனை. பீடி நேரங்களை வேறு வேலை நிரப்பிவிடுகிறது. மூன்றாவதுதான் முக்கியம்: மறுப்பதற்கு ஒரு மரியாதையான காரணம். "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்றால் "அட, ஒண்ணுதானே" என்று நீட்டுவார்கள். "மாலை போட்டிருக்கேன்" என்றால் நீட்டிய கை தானாகப் பின்னால் போகும்.

பிரச்சினை 42ஆம் நாள். மாலையைக் கழற்றியதும் இந்த மூன்றும் ஒரே நாளில் காணாமல் போகிறது. கூட்டம் கலைகிறது, ஒழுங்கு போகிறது, மறுக்கக் காரணம் இல்லை. டீக்கடையில் யாரோ நீட்டுகிறார்கள். ரமலானில் இது தினமும் நடக்கிறது: நோன்பு திறந்த கையோடு சிகரெட்டைத் தேடுபவர்கள் எத்தனை பேர்! விரதம் 'தற்காலிகம்' என்று மனசு முதலிலேயே முடிவு செய்துவிட்டது. மாலையைக் கழற்றிவிடும் அந்த நிமிடத்தில் குருசாமி, "இதை மட்டும் அடுத்த மண்டலத்துக்கும் தொடருங்க சாமி" என்று சொல்லி, வாரம் ஒருமுறை போன் போட்டு விசாரித்தால்? செலவே இல்லாத வேலை. இன்றைக்கு அது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

மதம் உதவாத இடங்கள், கெடுக்கும் இடங்கள்

மதம் எப்போதும் புகையிலைக்கு எதிர்ப்பக்கம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஊர் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் சுருட்டுப் படையல் உண்டு. அருள் வந்து ஆடும் கோடாங்கி சுருட்டைப் பற்றவைப்பதும் வழிபாட்டின் பகுதிதான். கும்பமேளாவில் சிலும் இழுக்கும் சாதுக்களை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். இங்கெல்லாம் "மதம் தடுக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சாமிக்குப் படைப்பது வேறு, மனுஷன் தினமும் இருபது இழுப்பது வேறு என்று அந்தப் பூசாரியே சொன்னால் எடுபடும்.

அடுத்தது வெட்கம். பீடியைப் 'பாவம்' ஆக்கிவிட்டால், ஒருமுறை தவறியவர் உதவி கேட்க வரமாட்டார், ஒளிந்துகொள்வார். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிகளை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. மெல்லும் பழக்கம் உள்ள இளம் பெண்கள் வெளியே சொல்வதே இல்லை. மேடையில் கண்டித்தால் அந்தப் பழக்கம் சமையலறைக்குள் போகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, சோறு. திருநெல்வேலி, தென்காசி, வேலூர் பக்கம் பீடி சுற்றித்தான் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, பெரும்பாலும் பெண்கள். பங்குத்தந்தையோ இமாமோ பீடிக்கு எதிராகப் பேசும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மடியில் பீடித்தட்டு இருக்கலாம். மாற்று வேலையைப் பற்றிப் பேசாத பிரசங்கம் அவருக்கு அநியாயமாகத்தான் படும்.

ஊர் சேர்ந்து முடிவெடுத்தால்?

நாகாலாந்தின் கரிஃபெமா கிராமம் 2014இல் இந்தியாவின் முதல் புகையிலை இல்லாத கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே கவனிக்க வேண்டியது, அது ஒரு தனி மனிதரின் போதனையால் வந்தது அல்ல. ஊரே எடுத்த முடிவு. நாகாலாந்தில் கிராம சபைகளுக்குச் சட்டப்படியே அதிகாரம் உண்டு என்பதும் உதவியது. 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் இளைஞர்களுக்காகத் தொடங்கிய 60 நாள் பிரசாரத்தின் இரண்டாவது சுற்றிலும், கிராமங்களைப் புகையிலை இல்லாதவையாக மாற்றுவது ஒரு இலக்கு.

இதுவரை பார்த்ததிலிருந்து ஒரு நல்ல கிராமத் திட்டம் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம்:

1. மதத் தலைவர் முதலில் தானே விட வேண்டும். வெளிப்படையாக.
2. புகை மட்டும் இல்லை, மெல்லும் புகையிலையையும் பெயர் சொல்லிப் பேச வேண்டும்.
3. பாவம், தண்டனை என்று பேசாமல், "எத்தனை முறை தவறினாலும் வா" என்று பேச வேண்டும்.
4. திருவிழா, கல்யாணம், துக்க வீடு ஆகிய இடங்களில் தட்டில் வைத்துப் பீடி, சிகரெட் நீட்டும் வழக்கத்தை ஊர்க் கூட்டத்தில் நிறுத்த வேண்டும். மறுப்பதைவிட, நீட்டாமல் இருப்பது சுலபம்.
5. விரதம் முடியும் நாளில் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அறிவுரையை விட்டுவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். அப்பா மாலை போடும் தேதியோ, ரமலான் முதல் பிறையோ, சாம்பல் புதனோ, குலதெய்வத்துக்குக் காப்புக் கட்டும் நாளோ, அவருக்கு எது மனசுக்கு நெருக்கமோ அதுதான் தொடக்கம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்றால் பேரன் பிறந்தநாள் போதும். விரதம் முடிவதற்குப் பத்து நாள் முன்பே, "அப்புறம் என்ன பண்ணப்போறோம்?" என்று பேசத் தொடங்குங்கள்.

அவர் மதிக்கும் குருசாமி, பூசாரி, பங்குத்தந்தை, ஹஜ்ரத் யாராவது இருந்தால் தனியாகப் போய்ப் பார்த்து உதவி கேளுங்கள். "கண்டிங்க" என்று கேட்காதீர்கள். "வாரம் ஒருமுறை விசாரிங்க" என்று கேளுங்கள்.

பிறகு அரசின் இலவச உதவி எண்: 1800-11-2356. சிகரெட், பீடி பாக்கெட் மேலேயே அச்சிட்டிருக்கும். தமிழிலும் பேசலாம். நாள்பட்ட பழக்கம் என்றால், நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற மருந்துகள் அவருக்குச் சரிவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதய நோய், சர்க்கரை இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். விட்ட ஒரு வருடத்தில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அறுபது வயதில் விட்டாலும் பலன் உண்டு.

அவர் தவறிவிட்டால்? பெரும்பாலும் தவறுவார். பலமுறை முயன்றுதான் பலர் விடுகிறார்கள். 41 நாள் முடிந்ததை வீணான முயற்சியாகப் பார்க்காமல், முடியும் என்பதற்கு ஆதாரமாக அவரிடம் காட்டுங்கள். அந்த எண்ணை மட்டும் அவர் செல்போனில் இன்றைக்கே பதிந்து வைத்துவிடுங்கள்.